குறட்டை நின்ற ராத்திரி!

எங்கள் குடும்பத்துக்குப் பரம்பரைச் சொத்து என்று இரண்டு உண்டு. ஒன்று, திருச்சுழிக்குப் பக்கத்தில் வானம் பார்த்துக் கிடக்கும் ஒன்றே முக்கால் ஏக்கர் கரிசல். இன்னொன்று, குறட்டை!

கரிசலில் வருஷத்துக்கு ஒரு வெள்ளாமை வீடு வந்து சேர்ந்தாலே அதிர்ஷ்டம். குறட்டையில் மட்டும் முப்போகம். ராத்திரி வீட்டில், மத்தியானம் ஆபீஸில், சாயங்காலம் பஸ்ஸில்!

தாத்தா, சீமைக்கருவேலத்தை வெட்டிக் கரிமூட்டம் போட்டவர். மூட்டத்துக்குக் காவலாகக் காட்டிலேயே படுத்துக்கொள்வார். "உங்க தாத்தா தூங்குனா நரி அந்தப் பக்கமே எட்டிப் பாக்காது" என்று ஊரில் பெருமையாகச் சொல்வார்கள். அப்பா, அருப்புக்கோட்டையில் தறி நெய்தார். பகலெல்லாம் தறிச் சத்தம், ராத்திரி அப்பா சத்தம். தெருவில் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

மூன்று தலைமுறைக்கும் இன்னொரு ஒற்றுமை, முகம். மூக்கு எடுப்பாக இருக்கும். அதற்குக் கீழே வந்தால் தாடை திடீரென்று கழுத்துப் பக்கம் போய் ஒளிந்துகொள்ளும். பள்ளிக்கூடத்தில் எனக்குப் பெயர் 'குருவி'. குறட்டைக்கும் குருவி மூஞ்சிக்கும் சம்பந்தம் உண்டு என்று எந்த வாத்தியாரும் சொல்லித் தரவில்லை. அதைத் தெரிந்துகொள்ள எனக்கு 33 வயதாக வேண்டியிருந்தது. ஒரு முள்ளுக்காட்டுக்குள் பைக்கோடு விழவும் வேண்டியிருந்தது.

'குடுத்து வச்சவன்!'

"படுத்த மறு நிமிஷமே தூங்கிடுறான். குடுத்து வச்சவன்!" என்று என்னைப் பார்த்துப் பொறாமைப்படாத சொந்தக்காரர்கள் இல்லை. பெரியப்பா ஒருபடி மேலே போய், "நம்ம மண்ணு அப்படி. திருச்சுழியில பொறந்த ரமணரே சின்னப் பிள்ளையில தூங்கினா, அடிச்சாக்கூட முழிக்க மாட்டாராம்" என்பார். பகவான் ரமணர் 1879 டிசம்பர் 30-ல் திருச்சுழியில் பிறந்தவர். சிறுவயதில் அவருடைய தூக்கம் பிரசித்தம். கூடப் படித்த பையன்கள் தூக்கத்திலேயே அவரைத் தூக்கிக்கொண்டு போய், அடித்து விளையாடிவிட்டுத் திரும்பக் கொண்டுவந்து போடுவார்களாம். அவருக்கு ஒன்றுமே தெரியாதாம். அந்த வரிசையில் என்னையும் சேர்த்துவிட்டார் பெரியப்பா. எனக்கும் உள்ளூரப் பெருமைதான்.

ஆனால், ஒரு விஷயம் இடித்தது. ஒன்பது மணி நேரம் தூங்கி எழுந்தாலும், ராவெல்லாம் மூட்டை தூக்கியவன் மாதிரி இருப்பேன். வாய் காய்ந்து கிடக்கும், தலை கனக்கும். ராத்திரியில் மூன்று தடவை பாத்ரூமுக்கு எழுந்திருப்பேன். 32 வயதிலேயே பி.பி. வந்துவிட்டது. இத்தனைக்கும் ஆள் ஒல்லி. எடை 61 கிலோ. பீடி, சிகரெட், பாட்டில் எதுவும் கிடையாது.

ஆபீஸிலோ மானம் கப்பலேறியது. மானேஜர் எனக்கு நேராக உட்கார்ந்து ஒரு ஃபைலைப் பற்றி விளக்கிக்கொண்டிருக்கும்போதே கண் சொக்கிவிட்டது. "என்னய்யா, என் பேச்சு அவ்வளவு தாலாட்டாவா இருக்கு?" என்றார். அந்த வருஷம் இன்க்ரிமென்ட்டும் தூங்கிவிட்டது.

அப்பாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நான் காலேஜ் இரண்டாம் வருஷம் படிக்கும்போது, 51 வயதில், ஒரு ராத்திரி தூக்கத்திலேயே போய்விட்டார். அவரும் ஒல்லிதான். "நோவு நொடி இல்லாம தூக்கத்துலயே போயிட்டாரே, புண்ணியவான்!" என்று துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லாம் சொன்னார்கள். அம்மா மட்டும் வேறு ஒன்று சொன்னாள்.

"இருபத்திரண்டு வருஷம் அவுக குறட்டைக்குப் பக்கத்துல படுத்தேன். அந்தச் சத்தத்துக்கு ஒருநாள்கூட நான் முழிச்சதில்லை. அன்னிக்குச் சத்தம் நின்னுச்சு. அதான் முழிச்சேன்."

அப்போது எனக்கு அதன் அர்த்தம் விளங்கவில்லை.

முள்ளுக்காட்டில் ஒரு முழிப்பு

2022 பிப்ரவரியில் இந்தி இசையமைப்பாளர் பப்பி லஹரி காலமானார். 'டிஸ்கோ டான்ஸர்' படத்துக்கு இசையமைத்து, கழுத்து நிறையத் தங்கச் சங்கிலியோடு வருவாரே, அவர்தான். தூக்கத்தில் மூச்சு தடைப்படும் 'ஸ்லீப் ஆப்னியா' என்ற நோய் அவருக்கு இருந்தது, மரணத்துக்கு அதுதான் காரணம் என்று சிகிச்சை தந்த டாக்டர் சொன்னதாகப் பேப்பரில் வந்தது. என் மனைவி அதைக் கத்தரித்து வந்து நீட்டினாள்.

"ஏங்க, இதைப் படிங்க. நீங்களும் இப்படித்தான் ராத்திரியில மூச்சை நிறுத்துறீங்க."

"அவர் குண்டும்மா. நான் ஒல்லி" என்று சொல்லிவிட்டுப் படுத்தேன். படுத்ததும் தூங்கிவிட்டேன் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

அந்த வருஷம் ஜூலை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. திருச்சுழி பூமிநாதர் கோயிலுக்குப் போய்விட்டு, அருப்புக்கோட்டையில் மாமியார் வீட்டுக்குக் கிளம்பினோம். வண்டியில் நான், எனக்குப் பின்னால் மூன்று வயது மகள், அவளைப் பிடித்துக்கொண்டு மனைவி. காலை பத்தரை மணி. பதினைந்து கிலோமீட்டர் சொச்சம்தான் தூரம். தினமும் ஆபீஸுக்குப் போகிற ரோடு, ஒவ்வொரு பள்ளமும் எனக்குப் பரிச்சயம். முந்தின ராத்திரி ஒன்பது மணி நேரம் தூங்கியிருந்தேன்.

கண்மாய்க் கரை வளைவு வந்தது தெரியும். அதற்கப்புறம் எனக்குத் தெரிந்தது மகளின் அழுகைதான். வண்டி ரோட்டை விட்டு இறங்கி, சீமைக்கருவேலம் புதருக்குள் படுத்திருந்தது. நல்லவேளையாக எதிரில் லாரி எதுவும் வரவில்லை. எனக்கு முழங்கை, மனைவிக்குத் தோள். மகளின் உள்ளங்கையில் இரண்டு முள். அங்கேயே ரோட்டோரம் உட்கார்ந்து, சேலையில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றி முள்ளை எடுத்தாள் மனைவி. எடுத்து முடிக்கிற வரைக்கும் என்னை அவள் திட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

எடுத்து முடித்துவிட்டு, "இனிமே இந்த வண்டியில நானும் பாப்பாவும் ஏற மாட்டோம்" என்றாள். பஸ்ஸில் போய்விட்டார்கள்.

அன்று ராத்திரி அவள் தூங்கவில்லை. மறுநாள் காலையில் காபிக்குப் பதில் செல்போனை நீட்டினாள். நான் தூங்குவதை வீடியோ எடுத்திருந்தாள். குறட்டை... குறட்டை... பிறகு திடீரென்று அமைதி. நெஞ்சுக்கூடு மட்டும் ஏறி இறங்குகிறது. காற்று உள்ளே போகவில்லை. பத்து விநாடி, இருபது, முப்பது. வீடியோவில் மனைவி மெதுவாக எண்ணுகிற குரல் கேட்கிறது. நாற்பத்தேழு என்றபோது, கிணற்றில் முங்கியவன் தலையைத் தூக்குவது போல் 'ஹக்'கென்று ஒரு இழுப்பு. உடம்பு தூக்கிப் போடுகிறது. மறுபடி குறட்டை.

அம்மா சொன்னதன் அர்த்தம் அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. பயப்பட வேண்டியது குறட்டைக்கு அல்ல. அது நிற்கிற நேரத்துக்கு!

மல்லம்பட்டி எங்கே இருக்கிறது?

மதுரையில் ஒரு காது-மூக்கு-தொண்டை டாக்டரிடம் போனோம். வாயைத் திறக்கச் சொன்னார். நாக்கை நீட்டச் சொன்னார். டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "மல்லம்பட்டி நாலு" என்று எழுதிக்கொண்டார்.

"மல்லம்பட்டியா? எனக்குத் திருச்சுழிப் பக்கம் சார். மல்லம்பட்டி எங்கே இருக்கு, காரியாபட்டிகிட்டயா?"

டாக்டர் சிரித்தே விட்டார். அது ஊர் இல்லையாம், ஆள்! சேஷகிரி மல்லம்பட்டி என்று ஆந்திராவில் பிறந்த மயக்க மருந்து டாக்டர். அமெரிக்காவில் பாஸ்டன் நகரில் வேலை பார்த்தவர். வாயைத் திறந்து நாக்கை நீட்டினால் உள்நாக்கு எவ்வளவு தெரிகிறது என்பதை வைத்து, மயக்கம் கொடுக்கும்போது தொண்டையில் குழாய் செலுத்துவது எளிதா, கஷ்டமா என்று கணிக்கும் முறையை 1985-ல் எழுதினார். இன்று அதில் நான்கு வகுப்பு. நான்காவது வகுப்பு என்றால், நாக்கு அடைத்துக்கொண்டு உள்நாக்கே தெரியாது. உலகம் முழுக்க டாக்டர்கள் தினமும் உச்சரிக்கிற பெயர். நான் அதைக் காரியாபட்டிப் பக்கம் தேடியிருக்கிறேன்.

"உங்க நாக்கு சராசரி அளவுதான்" என்றார் டாக்டர். "வீடுதான் சின்னது. கீழ்த்தாடை உள்ளே தள்ளி இருக்கு. ஒத்தை ரூமுக்குள்ள கூட்டுக் குடும்பம் மாதிரி. முழிச்சிருக்கும்போது தசைகள் விறைப்பா இருந்து தொண்டையைத் திறந்து வச்சிருக்கும். தூங்கும்போது தளர்ந்துபோய், நாக்கு பின்னால சரிஞ்சு மூச்சுப் பாதையை அடைச்சிடுது. ரத்தத்துல ஆக்சிஜன் இறங்குது. மூளை பதறிப்போய் உங்களை அரைகுறையா எழுப்புது. தசை விறைக்குது, மூச்சு வருது. திரும்பத் தூங்கினா திரும்ப அடைக்குது. எழுந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்காது. ஆனா இதயத்துக்கு இருக்கும்."

பருமனானவர்களுக்குத்தான் இது அதிகம் வரும் என்பது நிஜம். கழுத்துச் சதை மூச்சுப் பாதையை நெருக்கும். ஆனால் தாடை சின்னதாக இருந்தால் ஒல்லி ஆளையும் விடாது. 2023-ல் டில்லி எய்ம்ஸ் டாக்டர்கள் பல ஆய்வுகளைத் தொகுத்துக் கணக்குப் பார்த்ததில், உழைக்கும் வயதில் உள்ள இந்தியர்களில் சுமார் 10.4 கோடிப் பேருக்கு இது இருக்கலாம் என்று தெரிந்தது. அதாவது, இதைப் படிக்கிற உங்கள் ஆபீஸிலும் இரண்டு பேராவது இருப்பார்கள். ஒருவர் இப்போது மேஜையில் கவிழ்ந்திருக்கலாம்!

சீரியல் செட் கட்டிய தேர்

தூக்கப் பரிசோதனைக்கு ஒரு ராத்திரி ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டும். தலை, கண்ணோரம், முகவாய், கால் என்று ஒயர்களை ஒட்டினார்கள். மூக்கில் குழாய், நெஞ்சிலும் வயிற்றிலும் பெல்ட், விரலில் கிளிப். கண்ணாடியில் பார்த்தால், திருவிழாவுக்கு சீரியல் செட் கட்டிய தேர் மாதிரி இருந்தேன். "இப்படிக் கட்டிப்போட்டா எவன் சார் தூங்குவான்?" என்று டெக்னீஷியனிடம் கேட்டேன். நாலாவது நிமிஷம் தூங்கிவிட்டேனாம்.

ரிசல்ட் வந்தது. பத்து விநாடிக்குக் குறையாமல் மூச்சு நிற்பதையும் வெகுவாகக் குறைவதையும் எண்ணி, ஒரு மணி நேரத்துக்கு எத்தனை என்று சொல்வார்கள். ஐந்துக்குள் இருந்தால் சாதாரணம். 30-க்கு மேல் போனால் கடுமை. எனக்கு 41! அதிகபட்சமாக 56 விநாடி மூச்சில்லை. 95-க்கு மேல் இருக்க வேண்டிய ஆக்சிஜன் அளவு 74 வரை இறங்கியிருந்தது. ஏழு மணி நேரத் தூக்கத்துக்குப் பெருக்கிப் பாருங்கள், 280 தடவைக்கு மேல். ரமணர் அடித்தாலும் முழிக்காதவர். நான் யாரும் அடிக்காமலே மணிக்கு 41 தடவை முழித்தவன். பெரியப்பாவின் ஒப்பீடு அன்றோடு முடிந்தது.

இதற்கு முதல் வைத்தியம் 'சிபேப்' மெஷின். மூக்கில் மாஸ்க் வைத்து, காற்றை மெல்லிய அழுத்தத்தில் தொடர்ந்து ஊதும். அந்தக் காற்றே தொண்டை மூடாமல் முட்டுக்கொடுக்கும். 1980-ல் ஆஸ்திரேலியாவின் சிட்னியில் டாக்டர் காலின் சல்லிவன் கண்டுபிடித்தார். வாக்குவம் கிளீனரின் மோட்டாரைத் திருப்பி வைத்து, உறிஞ்சுவதற்குப் பதில் ஊத வைத்தார் என்பது சுவாரஸ்யம். 1981-ல் ஐந்து நோயாளிகளின் விவரத்தோடு 'லான்செட்' மருத்துவ இதழில் எழுதினார். அதற்கு முன்பு, கடுமையான நோயாளிகளுக்குக் கழுத்தில் துளை போடுவதுதான் வழி!

இதை அழுத்திச் சொல்கிறேன். இன்றைக்கும் பெரும்பாலோருக்கு அந்த மெஷினே போதும். ஆபரேஷன் வேண்டாம். எடை குறைப்பது, ஒருக்களித்துப் படுப்பது, மது இருந்தால் விடுவது, கீழ்த்தாடையை முன்னால் இழுத்துப் பிடிக்கும் பல் கிளிப் என்று மற்ற வழிகளும் உண்டு. எனக்கு மெஷின் ஒத்துவரவில்லை. மாஸ்க் மாட்டிப் படுப்பேன். ராத்திரி இரண்டு மணிக்கு என்னை அறியாமலே கழற்றி எறிந்திருப்பேன். எங்கள் ஊரில் பலத்த காற்றடித்தாலே கரண்ட் போய்விடும். கரண்ட் போனால் மெஷின் நிற்கும். பதறி எழுவேன். மூன்று மாடல் மாஸ்க் மாற்றியாயிற்று. ஆறு மாதம் கழித்து மெஷினில் பதிவான கணக்கைப் பார்த்தார் டாக்டர். சராசரி, ஒரு ராத்திரிக்கு இரண்டரை மணி நேரம்.

"அப்ப வீட்டைப் பெருசாக் கட்டிட வேண்டியதுதான்" என்று சொல்லி, முகத்தாடை அறுவை டாக்டரம்மாவிடம் அனுப்பினார்.

33 வயதில் பல்லுக்கு வேலி

டாக்டரம்மா பக்கவாட்டில் எக்ஸ்ரே எடுத்தார். மண்டை ஓட்டின் கோணங்களை எல்லாம் அளந்தார். "மேல்தாடை, கீழ்த்தாடை ரெண்டையும் முன்னால கொண்டு வரணும். சுமார் பத்து மில்லிமீட்டர்" என்றார். ஒரு சென்டிமீட்டர்! என் வாழ்க்கை ஒரு சென்டிமீட்டரில் தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது.

ஆனால் அதற்கு முன்னால் பல்லுக்குக் கம்பி. எதற்கு என்று கேட்டேன். தாடை சரியில்லாதவர்களுக்குப் பற்கள் தாமாகவே சாய்ந்து, வளைந்து, எப்படியோ மேலும் கீழும் தொட்டுக்கொள்ளப் பழகியிருக்குமாம். அப்படியே தாடையை நகர்த்தினால் கடி பொருந்தாது. அதனால் முதலில் பல்லை அதனதன் தாடையில் நேராக நிறுத்த வேண்டும். இதில் வேடிக்கை, ஆபரேஷனுக்கு முன்பு கடி இன்னும் மோசமாகத் தெரியும். 'குருவி' கொக்காகும்!

2023 பிப்ரவரியில் கம்பி மாட்டினார்கள். மகள் பார்த்துவிட்டு, "அப்பா பல்லுல சைக்கிள் செயினு" என்று தெருவுக்கே அறிவித்தாள். கடைவாயில் புதைந்திருந்த இரண்டு ஞானப்பற்களையும் பிடுங்கினார்கள். இருந்த ஞானமும் போயிற்று. காராச்சேவு, கடலை மிட்டாய், முறுக்கு எல்லாவற்றுக்கும் தடை. விருதுநகர் எண்ணெய் பரோட்டாவுக்கும் தடை. அதுதான் ரொம்ப வலித்தது.

அந்த மே மாதம் 'குட்நைட்' படம் வந்தது. விநாயக் சந்திரசேகரன் இயக்கத்தில் மணிகண்டன் குறட்டைக்காரராக நடித்த படம். அதில் அவருக்குப் பட்டப்பெயர் 'மோட்டார்' மோகன். மறுநாளே ஆபீஸில் எனக்கும் 'மோட்டார்' என்று பெயர் விழுந்தது. 20 வருஷமாகச் சுமந்த 'குருவி'யிலிருந்து விடுதலை. படம் பார்த்துச் சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்த என் ஸ்நேகிதன் ஒருவன், "மாப்ளே, என் அண்ணனும் இப்படித்தான்டா, நடுவுல மூச்சு நின்னு நின்னு வருது" என்றான். சிரிப்பு முடிந்த பிறகு வந்த யோசனை. அவன் அண்ணன் இப்போது மெஷின் வைத்து நிம்மதியாகத் தூங்குகிறார்.

பணத்துக்கு? பி.எஃப். லோன், மனைவியின் இரண்டு வளையல். இன்ஷூரன்ஸ் கம்பெனி முதலில், "தாடை ஆபரேஷன் அழகுக்காகச் செய்வது, பணம் கிடையாது" என்று எழுதியது. 41 என்ற நம்பரைக் கோடு போட்டு, தூக்கப் பரிசோதனை ரிப்போர்ட்டை அனுப்பினேன். அழகுக்காகச் செய்பவன் 280 தடவை மூச்சை நிறுத்துவானா? மூன்று கடிதத்துக்குப் பிறகு ஒரு பகுதியைக் கொடுத்தார்கள்.

தாடையை வெட்டுகிறார்கள்!

2024 மே மாதம் ஆபரேஷன். முந்தின நாள் கையெழுத்துக்கு ஒரு பேப்பர் வந்தது. ரத்தப்போக்கு, கிருமித் தொற்று, உதட்டில் மரத்துப்போதல், நகர்த்திய எலும்பு கொஞ்சம் பழைய இடத்துக்கே நழுவுதல் என்று பட்டியல். மனைவி ஒவ்வொன்றாக உரக்க வாசித்தாள். "பேசாம இப்படியே தூங்கிட்டுப் போயிரவா?" என்று கேட்டேன். "உங்க அப்பா அப்படித்தான் போனாரு" என்றாள். கையெழுத்துப் போட்டேன்.

என்ன செய்வார்கள் என்று டாக்டரம்மா ஒரு மண்டை ஓடு பொம்மையை வைத்து விளக்கியிருந்தார். வெளியில் ஒரு வெட்டும் கிடையாது, எல்லாம் வாய்க்குள்தான். மேல்தாடையை, மூக்குக்குக் கீழே குறுக்காக ஒரு கோட்டில் வெட்டி விடுவிப்பார்கள். அந்தக் கோட்டுக்கு 'ல ஃபோர் ஒன்று' என்று பெயர். 1901-ல் ரெனே ல ஃபோர் என்ற பிரெஞ்சு டாக்டர், இறந்தவர்களின் தலைகளை வைத்து, பலமான அடி விழுந்தால் முக எலும்பு எந்தெந்தக் கோட்டில் உடைகிறது என்று ஆராய்ந்தார். அவர் கண்டது விபத்தின் கோடு. பின்னால் வந்தவர்கள் அதையே வைத்தியத்தின் கோடாக்கிவிட்டார்கள். கீழ்த்தாடைக்கான வழி 1950-களில் வந்தது. ஆஸ்திரியாவில் பிறந்த ஹ்யூகோ ஓப்வெகேசர், தாடை எலும்பை இருபக்கமும் பலகையைப் பிளப்பது போல் நீளவாக்கில் பிளந்து, ஒன்றன்மேல் ஒன்று சறுக்கவிடும் முறையைக் கொண்டுவந்தார். முன்னால் நகர்த்தினாலும் எலும்போடு எலும்பு ஒட்டியே இருக்கும், சீக்கிரம் கூடும். பிறகு டைட்டானியம் தகடும் குட்டி ஸ்க்ரூவும் வைத்து முடுக்கிவிடுவார்கள். தாடை முன்னால் வரும்போது நாக்கும் தொண்டைச் சதையும் கூடவே இழுபட்டு வரும். மூச்சுப் பாதை அகலமாகும். அவ்வளவுதான் சூட்சுமம்.

ஐந்தரை மணி நேரம். கண் விழித்தபோது முகம் பலாப்பழம் மாதிரி இருந்தது. மூன்றாம் நாள் இன்னும் பெரிய பலாப்பழம். மேல் பல்லுக்கும் கீழ்ப் பல்லுக்கும் ரப்பர் பேண்ட் மாட்டியிருந்தார்கள். பேச முடியாது. மகளின் சிலேட்டு கைக்கு வந்தது. 'தண்ணீர்' என்று எழுதினால் மகள் வாங்கிப் பார்த்து, "எழுத்து நல்லால்லப்பா" என்று அழித்துவிட்டுத் திரும்ப எழுதச் சொல்வாள். எழுதுகிற வரைக்கும் தண்ணீர் கிடையாது!

ஆறு வாரம் நீராகாரம்தான். அம்மா கம்மங்கூழ் காய்ச்சி, வெள்ளைத் துணியில் மூன்று முறை வடிகட்டி, மோர் விட்டுக் கரைத்துத் தருவாள். சிரிஞ்சில் குழாய் மாட்டி வாய் ஓரமாகச் செலுத்திக்கொள்வேன். ஏழு கிலோ இளைத்தேன். நாலாம் வாரம் ஒரு ராத்திரி, பக்கத்து வீட்டுக் கருவாட்டுக் குழம்பு வாசனை வந்தபோது அழுதுவிட்டேன் என்பதை இங்கே மறைக்க விரும்பவில்லை.

கீழ் உதடும் முகவாயும் மரத்துப் போயின. தாடைக்குள் ஓடும் நரம்பு இழுபடுவதால் வருவது. டீ குடித்தால் முகவாயில் வழிவது எனக்குத் தெரியாது. விசேஷ வீடுகளில் மனைவி எதிரே உட்கார்ந்து தன் முகவாயைத் தொட்டுக் காட்டுவாள், நான் துடைத்துக்கொள்வேன். பார்த்தவர்கள், "இந்த வயசுல என்னா ஜாடை!" என்று கிண்டலடித்தார்கள். வலது பக்கம் உணர்ச்சி திரும்பிவிட்டது. இடது பக்கம் ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு இன்னும் மரத்தே இருக்கிறது. ஷேவ் செய்யும்போது ஜாக்கிரதை.

இரண்டு மாதம் கழித்து ஆபீஸுக்குப் போனேன். முகத்தைக் காட்டி வருகை பதிவு செய்யும் மெஷின், 'நீங்கள் யார்?' என்கிற மாதிரி சிவப்பு விளக்கு காட்டியது. மூன்று முறை காட்டினேன். ம்ஹூம். தாடை ஒரு சென்டிமீட்டர் முன்னால் வந்த குற்றத்துக்கு எனக்கு அரை நாள் ஆப்சென்ட்! மானேஜர்தான் சிபாரிசு செய்து முகத்தைத் திரும்பப் பதிவு செய்ய வைத்தார்.

ஆறு

2024 டிசம்பரில் திரும்பத் தேர் கட்டினார்கள். இந்தத் தடவை தூக்கம் வர இருபது நிமிஷம் ஆனது. அதுவே நல்ல சகுனம் என்றார் டெக்னீஷியன்.

41 என்பது 6 ஆகியிருந்தது. ஆக்சிஜன் 90-க்குக் கீழே இறங்கவில்லை.

ஆறு என்பது பூஜ்யம் இல்லை. 2016-ல் இந்த ஆபரேஷனைப் பற்றிய 45 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். 100 பேரில் சுமார் 85 பேருக்கு நோய் பாதிக்கு மேல் குறைந்தது. ஆனால் ஐந்துக்கும் கீழே வந்து முழுசாகக் குணமானவர்கள் 38 பேர்தான். நான் அந்த 85-ல் ஒருவன், 38-ல் இல்லை. ஒருக்களித்துப் படுத்தால் அந்த ஆறும் குறையும் என்றார் டாக்டர். எடை ஏறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பி.பி. மாத்திரை இரண்டிலிருந்து ஒன்றாகியிருக்கிறது. மானேஜர் மீட்டிங்கில் பேசுவதை முழுக்கக் கேட்கிறேன். முன்பே தூங்கியிருக்கலாமோ என்று சில சமயம் தோன்றுகிறது!

2025 ஜனவரியில் கம்பியைக் கழற்றினார்கள். நேராக விருதுநகர் போய் இரண்டு எண்ணெய் பரோட்டா சாப்பிட்டேன். திரும்பி வந்து வண்டியை வெளியே எடுத்தேன். ஒன்றும் சொல்லாமல் மகளைத் தூக்கி உட்கார வைத்து, பின்னால் ஏறிக்கொண்டாள் மனைவி. கண்மாய்க் கரை வளைவு வரும்போது என் தோளில் அவள் கை கொஞ்சம் இறுகியது. வளைவு தாண்டியதும் தளர்ந்தது.

அப்பா போனது இதனால்தான் என்று இன்றைக்கு யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. அவரை யாரும் பரிசோதிக்கவில்லை. அருப்புக்கோட்டையில் ஒரு தறிக்காரர் குறட்டை விட்டதற்காக அந்தக் காலத்தில் யார் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவார்கள்? என்னையும் கூட்டிப் போயிருக்க மாட்டார்கள், பக்கத்தில் படுத்திருந்த ஒருத்தி எண்ணிப் பார்க்காமல் இருந்திருந்தால்.

அதனால் ஒரு வேண்டுகோள். ஆப்னியாக்காரனுக்குத் தன் நோய் தெரியாது. தெரிகிற நேரத்தில் அவன் தூங்கிக்கொண்டிருப்பான்! பக்கத்தில் படுப்பவரைக் கேளுங்கள். மேன்ஷனில் இருப்பவர்கள் ரூம் மேட்டைக் கேளுங்கள். "நான் சத்தமாகக் குறட்டை விடுகிறேனா?" என்று மட்டும் கேட்காதீர்கள். "நடுவில் நிற்கிறதா?" என்று கேளுங்கள். நிற்கிறது என்றால், அதோடு பகலிலும் கண் சொக்குகிறது என்றால், ஒரு தடவை டாக்டரைப் பாருங்கள்.

கடைசியாக, போன பொங்கலுக்கு நடந்தது. அம்மா எங்கள் ஹாலிலேயே பாய் போட்டுப் படுத்திருந்தாள். நானும் அங்கேயே படுத்துத் தூங்கிவிட்டேன். நடு ராத்திரியில் யாரோ என் தோளைப் பிடித்து உலுக்கினார்கள். பதறிக்கொண்டு எழுந்தேன். இருட்டில் அம்மா. அவள் விரல் என் மூக்குக்கு அடியில் இருந்தது.

"என்னாச்சும்மா?"

"ஒண்ணுமில்ல ராசா..." அவள் குரல் நடுங்கியது. "சத்தமே வரலையா... அதான்."

"மூச்சு வருதும்மா. இப்ப சத்தம் போடாமத்தான் வரும்."

கொஞ்ச நேரம் விரலை எடுக்காமல் வைத்திருந்தாள். அப்புறம் போய்ப் படுத்துக்கொண்டாள். ஐந்து நிமிஷத்தில் அவளிடமிருந்து மெல்லிய குறட்டை கிளம்பியது.

நான் விடிகிற வரைக்கும் எண்ணிக்கொண்டே கிடந்தேன். நல்லவேளை, நடுவில் நிற்கவில்லை!